டெல்டாவில் பெரிய தொழிற்சாலை வேண்டாம் என்பது அங்குள்ள மக்களுக்கு எதிரானதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் வளர்ந்துவிட்டன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மட்டும் நெல்லைக் கட்டிக்கொண்டு அழுகின்றன. இந்த நிலையில் 2020-இல் சட்டம் போட்டு அதைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியது, அந்த மக்களை ஏழ்மையிலேயே நிறுத்தி வைப்பது ஆகாதா? கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: நாகை அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையைப் பெரிதாக்குவதை ஆதரிக்கலாமா?

முதல் கேள்விக்கு என் பதில்: சட்டம் சரி, ஆனால் அது பாதி வேலைதான். என்ன வரக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். என்ன வந்தால் அங்கே இருப்பவர் பிழைக்க முடியும் என்பதை அதே உறுதியோடு யாரும் எழுதவில்லை. டெல்டாவின் ஏழ்மைக்குக் காரணம் அந்த எழுதாத பாதி.

முதலில், எதைக் காப்பாற்ற வேண்டும் என்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். டெல்டாவின் தனித்தன்மை என்றதும் பலர் பெரிய கோவில், பச்சை வயல், கும்பகோணம் வெற்றிலை, சுவாமிமலை சிலை என்று போய்விடுகிறார்கள். அவை எல்லாம் முக்கியம்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அங்கிருந்து கிளை ஆறுகள், அப்புறம் ஆற்றிலிருந்து பிரியும் 'ஏ' வாய்க்கால், அதிலிருந்து பிரியும் 'பி' வாய்க்கால், கடைசியில் வயல் வரப்பில் வெட்டிவிடும் மடை. பெரும்பகுதிக்கு மோட்டார் கிடையாது. நிலத்தின் சரிவுதான் தண்ணீரை நடத்துகிறது. அந்தச் சரிவும் மிக மிகக் குறைவு. மேலே ஒரு வயலின் வடிகால், கீழே இன்னொரு வயலுக்குப் பாசனம். ஒரே தண்ணீர் பல கை மாறித்தான் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் பஞ்சம் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் முதலில் அடிபடுவது கடைமடை.

இப்படி ஒரு பூமியில் 'என் நிலம், நான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்கிறேன்' என்பது செல்லாது. ஒருவர் தன் வயலை நாலடி உயர்த்தி மனை போட்டால், பக்கத்தில் இருப்பவர் ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிரை இழக்கிறார். கோவைப் பக்கம் ஒரு மேட்டு நிலத்தில் ஆலை கட்டுவதற்கும் இங்கே கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே போவது அந்த ஏக்கர். இங்கே அதன் கீழே உள்ள வயல்களும் சேர்ந்து போகின்றன.

நிலத்தடி நீரிலும் இதே கதை. நிலக்கரிப் படுகையில் மீத்தேன் எடுக்க வேண்டும் என்றால், படுகையில் உள்ள தண்ணீரை முதலில் வெளியே இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் வாயு வெளிவரும். தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டரில் 2010-இல் அப்படி ஒரு திட்டத்துக்கு அனுமதி தந்தார்கள். கடல் மட்டத்தை ஒட்டிய நிலம். அடியில் நல்ல தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். ஏறிய உப்பைத் திரும்ப வெளியேற்ற எளிய வழி எதுவும் இல்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று கர்நாடகா தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைத்த 14.75-இல் 4.75 பெங்களூரு நகரத்தின் குடிநீருக்காக. மீதி 10 டிஎம்சிக்குக் காரணம், டெல்டாவின் அடியில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. அதாவது ஒரு பெருநகரத்தின் வளர்ச்சிக்கு டெல்டா ஏற்கெனவே தன் பங்கைக் கொடுத்துவிட்டது. 'உன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே' என்று சொல்லி ஆற்றிலிருந்தும் கழித்துவிட்டார்கள். இனி அந்தக் கிணற்றுத் தண்ணீரும் கெட்டால் ஈடு செய்ய ஆறு வராது. டெல்டாவில் ஆழ்துளை போடும் எந்தத் திட்டத்தையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சட்டம் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மீத்தேன் எதிர்ப்பில் கிராமம் கிராமமாக நடந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2017-இல் நெடுவாசல், கதிராமங்கலம் ஆகிய ஊர்கள் ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்துப் போராடின. 2020 ஜனவரியில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விதியை மாற்றியது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், அப்போது மயிலாடுதுறையையும் உள்ளடக்கிய நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் இதற்குள் வந்தன. துத்தநாக, தாமிர, அலுமினிய உருக்காலை, இரும்பு ஆலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு, புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு ஆகியவற்றுக்குத் தடை. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்து, எதிர்ப்புக்குப் பிறகு சில நாளில் நீக்கப்பட்டன. சட்டம் என்று ஒன்று இருந்தது அப்போது கைகொடுத்தது.

சரி, இதுவரை சொன்னது ஒரு பக்கம். நீங்கள் கேட்டதில் உள்ள நியாயம் இனிமேல்தான் வருகிறது.

'டெல்டாவை டெல்டாவாக விடுங்கள்' என்று சென்னையில் உட்கார்ந்து சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எந்த டெல்டா? பண்ணையாள் முறை இருந்த டெல்டாவா? மிராசுதார் வீட்டு வாசலில் கைகட்டி நின்ற டெல்டாவா? கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதன் பின்னணியில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லோரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த ஊர் இருப்பதும் இதே நெற்களஞ்சியத்தில்தான். ஒரு வட்டாரத்தின் தன்மையைக் காப்பது என்றால் அதன் சமூக அடுக்கையும் சேர்த்துக் காப்பது என்று எடுத்துக்கொண்டால், நான் அதற்கு எதிர்ப்பக்கம். மண்ணும் தண்ணீரும் அப்படியே இருக்கட்டும். அதன்மேல் யார் நிற்கிறார்கள், யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது மாறியே தீர வேண்டும்.

அதே சமயம், வருகிற பணமெல்லாம் அந்த அடித்தட்டுக்குப் போய்விடும் என்றும் நம்ப முடியாது. இறால் பண்ணை அதற்குச் சாட்சி. 1990-களில் நாகைக் கரையோரம் நெல் வயல்கள் இறால் குட்டைகளாயின. ஏற்றுமதி, டாலர், முதலீடு என்று வளர்ச்சிக் கணக்கு பிரமாதமாக இருந்தது. நிலம் வைத்திருந்தவர் நல்ல விலைக்கு விற்றார். ஆனால் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் போன பெண்களுக்குக் குட்டையில் என்ன வேலை? காவலுக்குச் சிலர், தீவனம் போடச் சிலர், அவ்வளவுதான். குட்டை உப்பு பக்கத்து வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் இறங்கியது. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் நிலமற்ற மக்களோடு நின்று எதிர்த்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு 2005-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு மறுபடி வழி திறந்தார்கள் என்பது வேறு விஷயம். லாபம் ஒருவர் கைக்கும் உப்பு இன்னொருவர் கிணற்றுக்கும் போகும் வளர்ச்சியை, மாவட்டத்தின் மொத்த வருமானம் கூடியதா என்று மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

அப்படியானால் டெல்டா ஏன் ஏழையாகவே இருக்கிறது? தனிநபர் வருமானத்தில் திருவாரூர் மாநிலத்தின் பின்வரிசையில்தான் நிற்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 என்று இருந்தது. ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டுமுதல் என்று வைத்தால் 50,000 சொச்சம். உழவு, நாற்று, நடவு, உரம், களை, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக, கையில் நிற்பது நாலைந்து மாதத்துக்கு 15,000-இலிருந்து 20,000. குத்தகைக்கு எடுத்தவர் என்றால் அதிலும் பங்கு போகும். தமிழ்நாட்டில் சராசரி நில உடைமையே 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்க்காரர் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் எடுத்தாலும் ஒரு பிள்ளையை இன்ஜினியரிங் படிக்கவைக்கத் திணறுவார். அதுவும் தண்ணீர் வந்தால். மேட்டூரை ஜூன் 12 அன்று திறக்க வேண்டும் என்பது வழக்கம்; 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. அப்புறம் 2018 நவம்பரில் கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. தென்னை மறுபடி காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

விளைந்த பிறகும் நிம்மதி கிடையாது. குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் அனுமதி. மழையில் அறுத்த நெல்லுக்கு அது எப்படிச் சாத்தியம்? களத்திலும் சாலையோரத்திலும் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, முறை வருவதற்குள் முளைத்துவிடுகிறது. 2025 அக்டோபரிலும் இதுதான் நடந்தது. வாங்கிய நெல்லில் பெரும்பகுதி சரக்கு ரயில் ஏறி வேறு மாவட்ட அரவை ஆலைகளுக்குப் போகிறது. உமி, தவிடு, குருணை, அரவைக் கூலி, மூட்டை தைக்கும் வேலை வரை எல்லாம் வெளியூருக்கு. நெல்லை விளைய வைத்தவர்களுக்கு அதன் பிந்தைய வருமானத்தில் ஒரு பைசா கிடையாது. இதைச் சரிசெய்ய ஏக்கர் கணக்கில் நன்செய் தேவையில்லை, உருக்காலையும் தேவையில்லை. கொள்முதல் நிலையங்களுக்குப் பக்கத்தில் உலர்த்தும் இயந்திரம், மூடிய கிடங்கு, நடுத்தர அளவு அரவை ஆலை, தவிட்டு எண்ணெய் ஆலை. இத்தனைக்கும் நெல் பதப்படுத்துதல் ஆராய்ச்சிக்கென்றே தொடங்கி வளர்ந்த தேசிய நிறுவனம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இலிருந்து இருக்கிறது. திருச்சியிலிருந்து நாகை வரை வேளாண் தொழில் பெருந்தடம் அமைக்க ஐந்தாண்டுகளில் 1,000 கோடி என்று 2023 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சட்டத்தின் எழுதாத பாதி என்று நான் சொன்னது இதைத்தான். அறிவிப்பாகத் தங்கிவிடாமல், தடைப்பட்டியலுக்கு உள்ள அதே சட்டப் பலத்தோடு இது எழுதப்பட வேண்டும்: எந்த வட்டாரத்தில் எத்தனை டன் உலர்த்தும் வசதி, எந்த ஆண்டுக்குள், யார் பொறுப்பு என்று.

நெல் மட்டுமே எல்லோரையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றாது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபிறகு விவசாயக் கூலி நாட்கள் குறைந்துவிட்டன. நிலமற்ற குடும்பங்கள்தான் திருப்பூருக்கும் சென்னைக்கும் முதலில் கிளம்பின. டெல்டாவிலிருந்து ஆள் வெளியே போவது புதிதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் மலேயா போன தலைமுறை உண்டு. இன்று கூத்தாநல்லூரிலும் நாகூரிலும் உள்ள பல வீடுகள் வெளிநாட்டுச் சம்பளத்தில் எழுந்தவை. போக விரும்புகிறவர் போகலாம். போவதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுதான் பிரச்சினை.

அதனால் தொழில் வேண்டும். எங்கே, எந்த மாதிரி என்பதுதான் கேள்வி. டெல்டாவின் மேற்கு, வடக்கு விளிம்புகளில் மேட்டு நிலம் ஏராளம்: செங்கிப்பட்டிப் பக்கம், கொள்ளிடத்துக்கு வடக்கே ஜெயங்கொண்டம், பெரம்பலூர். பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் காலணிப் பூங்கா வந்திருக்கிறது. தோல் பதனிடாத காலணித் தயாரிப்பு ஆட்களை, குறிப்பாகப் பெண்களை, நிறைய வேலைக்கு எடுக்கும் தொழில், ஆற்றைக் கெடுக்காது. தஞ்சாவூரில் 2024-இல் டைடல் நியோ என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவைத் திறந்தார்கள். இந்த மாதிரி வேலைகள் விளிம்பில் இருந்தால் போதும். கும்பகோணம், பாபநாசம் ஆட்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வரலாம். நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டைக்கு இது பொருந்தாது, தூரம் அதிகம். அங்கே மீன் பதப்படுத்துதல், குளிர்பதனக் கிடங்கு, உப்பு, மீன்வளப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய தொழில்கள் என்று தனியாக யோசிக்க வேண்டும். ஒரே திட்டத்தை நான்கு மாவட்டத்துக்கும் நீட்டுவது டெல்டாவைத் தெரியாதவர் செய்கிற வேலை.

இன்னொரு பக்கம், சட்டம் கண்டுகொள்ளாத ஆபத்து ஒன்று தினமும் நடக்கிறது. தடைப்பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் நான்கு வழிச் சாலையின் இருபுறமும் பாருங்கள், கொடிக்கம்பமும் வளைவும் நட்டு எத்தனை நகர்கள்! வாய்க்காலைத் தூர்த்து, வடிகாலைக் குழாய்க்குள் அடக்கி, வயலில் கிராவல் கொட்டுகிறார்கள். சாலை, மின்சாரம், துறைமுகம் போன்ற உள்கட்டமைப்புக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. போதாததற்கு 2023-இன் நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்குள் ஏரி, வாய்க்கால் வந்தாலும் அரசு முடிவு செய்து நிலத்தை மாற்றித்தர வழி வைத்திருக்கிறது. ஹைட்ரோகார்பனை எதிர்த்த ஊர்களிலேயே மனை விற்பனை சத்தமில்லாமல் நடக்கிறது என்பது வருத்தமான உண்மை. விற்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், இரண்டு ஏக்கர் கணக்கை மேலே பார்த்தோம். ஆனால் வடிகாலை அடைக்கும் எந்த மனைப்பிரிவுக்கும் அனுமதி இல்லை, வாய்க்கால் கரைக்கு இத்தனை மீட்டர் விட வேண்டும் என்பதை வேளாண் மண்டலச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறதே, இது அதன் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

இனி பனங்குடி. அங்கே சுத்திகரிப்பு ஆலை புதிதில்லை. நரிமணம் எண்ணெயை நம்பி 1993-இல் வந்தது, ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை சுத்திகரித்தது. அதை 90 லட்சம் டன் ஆலையாக்க 31,580 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிட்டு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். ஏற்கெனவே இருந்த திட்டங்களை 2020 சட்டம் தொடவில்லை. பழைய ஆலையை ஒன்பது மடங்காக்குவதை 'ஏற்கெனவே இருந்தது' என்று சொல்லலாமா? என்னைக் கேட்டால் சொல்லக் கூடாது. ஒரு புதிய ஆலைக்கு என்னென்ன கேள்வி உண்டோ அத்தனையும் இதற்கும் உண்டு. வெண்ணாற்றுக் கடைமடையில் அவ்வளவு பெரிய ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து? கழிவு எந்த ஆற்றில், எந்தக் கடலில்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை ஆதரிக்க மாட்டேன். 31,580 கோடி என்ற தொகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். சுத்திகரிப்பு ஆலை இயந்திரத்தில் பணம் போடுகிற தொழில்; கட்டி முடித்தபின் உள்ளூர் ஆட்களுக்கு அதில் நிரந்தர வேலை குறைவு.

ஆனால் திட்டம் நடக்கத்தான் போகிறது என்றால், உங்கள் கவனம் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். கூடுதலாக 600 ஏக்கருக்கு மேல் எடுக்கிறார்கள். பட்டாதாரருக்கு எப்படியும் காசோலை வந்துவிடும், தொகையில்தான் சண்டை. வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்தவர், கோவில் நிலத்தில் சாகுபடி செய்தவர், அந்த வயல்களில் நட்டும் களை எடுத்தும் பிழைத்த பெண்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள். 2013 நில எடுப்புச் சட்டம், கையகப்படுத்துவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே சொல்கிறது. மறுவாழ்வுப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நூறு நாள் வேலை அட்டை, ரேஷன் கார்டு, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் (சாகுபடிக் கணக்கு) நகல், எது கிடைக்கிறதோ அதை வைத்து இப்போதே மனு கொடுக்கச் சொல்லுங்கள். நிலம் வேலிக்குள் போய்விட்ட பிறகு, அங்கே பயிர் செய்தவர் யார் என்பதை நிரூபிப்பது மிகவும் கடினம்.